வீட்டு விளைச்சலுக்கு விலை

வன்னியில் வளவு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் வீட்டைச் சுற்றி ஒரு துண்டு நிலம் இருக்கும். அதில் முருங்கையும் தேசியும் நிற்கும். கிணற்றடியில் வாழை நிற்கும். மாரி பிறந்தால் கத்தரி, வெண்டி, மிளகாய், பயற்றங்காய் எல்லாம் முளைக்கும். காய் கூடினால் அயலுக்குக் கொடுப்போம். அதற்கும் மேல் மிஞ்சினால்தான் விற்கும் யோசனை வரும். அந்த யோசனையை ஒரு குடும்பத் தொழிலாக மாற்றுவது எப்படி என்பதை மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய தொழில்கள் பல வீடுகளில் ஆரம்பித்து, ஓரிரு வருடங்களில் நின்று போயிருக்கின்றன. ஏன் நின்றது என்று கேட்டால் மழை பிழைத்தது, குரங்கு அழித்தது, விலை விழுந்தது என்பார்கள். அவை பொய்யல்ல. ஆனால் நான் வணிகக் கல்வி படிப்பிக்கும் ஆசிரியை. ஆகவே முதலில் கணக்குக் கொப்பியைத்தான் கேட்பேன். பெரும்பாலும் கொப்பி இராது. என்ன விலைக்கு விற்றீர்கள் என்றால், "பக்கத்துக் கடையில் விற்கிற விலைக்குத்தான்" என்று பதில் வரும். அந்தப் பொருளுக்குள் போன உம்மாவின் உழைப்புக்கு என்ன பெறுமதி போட்டீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். "உம்மாவுக்குச் சம்பளமா?" என்பார்கள். தொழில் நொடிந்துபோகும் இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் வீட்டுக்கு, பிறகு சந்தைக்கு

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தும் முடிவு எடுக்கப்பட்டது. அவ்வாண்டு நொவெம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டபோதிலும், அடுத்தடுத்த போகங்களில் விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் நாட்டின் பொருளாதாரமும் சரிந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தைய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது என்பதே அதன் பொருள். வீட்டில் பயிர் செய்வதற்காக அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கும் அளவுக்கு நிலைமை போனது.

அந்த நாட்களில் வளவில் மரவள்ளியும் கீரையும் இருந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. வீட்டுத் தோட்டத்தின் முதலாவது இலாபம் கடையில் வாங்காமல் விட்ட பொருள்தான். ஆகவே தொழில் தொடங்கும் குடும்பம் முதல் ஒரு போகத்துக்கு விற்பனையை நினைக்காமல், ஒவ்வொரு நாளும் வளவிலிருந்து சட்டிக்குப் போனது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். மூன்று மாதம் எழுதினால் எங்கள் மண்ணில் எது நன்றாக வருகிறது, எதை நாங்களே தின்று முடிக்கிறோம், எது வீணாகிறது என்பது தெரிந்துவிடும். வீணாகும் பொருளே விற்பனைக்கு உரிய முதற்பொருள்.

எல்லோருக்கும் ஒரே நாளில் காய்க்கும்

வன்னி உலர் வலயம். வருட மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையான மாதங்களில், வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்துவிடும். காலபோகம் அந்த மழையை நம்பியது. சிறுபோகம் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் போன்ற குளங்களில் மிஞ்சியிருக்கும் நீரையும் வீட்டுக் கிணற்றையும் நம்பியது. எல்லோருக்கும் ஒரே மழை என்பதால் எல்லோரும் ஒரே காலத்தில் நடுகிறோம், ஒரே காலத்தில் பிடுங்குகிறோம். கத்தரிக்காய் மலிந்து கிடக்கும் வாரத்தில் எங்கள் கத்தரியும் சந்தைக்குப் போகும். அந்த வாரம் விலை கேட்க ஆளிராது.

இதற்கு வழிகள் மூன்று. முதலாவது, மற்றவர்களுக்கு இல்லாத காலத்தில் விளைவிப்பது. கிணற்று நீரைச் சொட்டாகப் பாய்ச்சி, வைக்கோலால் மண்ணை மூடி, சிறு நிலத்தில் கீரையும் மிளகாயும் கோடையில் எடுக்கலாம். இரண்டாவது, கெட்டுப்போகாத பொருளைத் தெரிவுசெய்வது. கச்சான், உழுந்து, பயறு, கௌபி, குரக்கன் ஆகியவை எங்கள் மண்ணுக்கும் எங்கள் வெயிலுக்கும் ஏற்றவை. நன்றாகக் காய்ந்தால் மாதக் கணக்கில் இருக்கும். விலை விழுந்த வாரத்தில் விற்றே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. மூன்றாவது, விளைந்ததை மாற்றிக் கொடுப்பது. மிளகாயைத் தூளாக்கலாம், உழுந்தை மாவாக்கலாம், முருங்கையிலையை உலர்த்தலாம், பாலைத் தயிராக்கலாம், தேசிக்காயை ஊறுகாய் போடலாம். இந்த மூன்றாவது வழியில் வருமானம் கூட வரும். ஆனால் வீட்டிலுள்ள பெண்களின் நேரம் மிக அதிகமாகப் போவதும் இதில்தான். ஆகவே கணக்கு இங்கேதான் கவனமாகப் போட வேண்டும்.

பத்துக் கிலோ கச்சானின் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். கீழே வரும் விலைகள் கணக்கை விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் இன்றைய விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

எங்கள் தோட்டத்தில் பிடுங்கிக் காயவைத்த கோதுக் கச்சான் 10 கிலோ இருக்கிறது. வாசலுக்கு வரும் வியாபாரி கிலோ 400 ரூபாவுக்குக் கேட்கிறார். அப்படியே கொடுத்தால் 4,000 ரூபா. கொடுக்காமல், கோதுடைத்து, வறுத்து, 100 கிராம் பைக்கற்றுகளாக விற்க நினைக்கிறோம். கோதும் சூத்தைப் பருப்பும் போக, வறுத்த பின் 6 கிலோ கிடைக்கிறது என்று வைப்போம். 60 பைக்கற்றுகள். பைக்கற் 100 ரூபா. மொத்த வரவு 6,000 ரூபா.

வீட்டில் வழக்கமாகப் போடும் கணக்கு இப்படி இருக்கும்: பைகளுக்கும் சுட்டுத்துண்டுக்கும் 600 ரூபா, உப்புக்கும் விறகுக்கும் 200 ரூபா, கடைக்குக் கொண்டுபோக 300 ரூபா. மொத்தச் செலவு 1,100. வரவு 6,000. ஆகவே 4,900 ரூபா இலாபம். வீடு முழுக்கச் சந்தோஷம்.

இப்போது சரியான கணக்கைப் போடுவோம். கச்சான் எங்கள் தோட்டத்தது என்பதால் அது இலவசமல்ல. வாசலில் விற்றிருந்தால் 4,000 ரூபா கையில் இருந்திருக்கும். அதைச் செலவில் சேர்க்க வேண்டும். அத்தோடு வேலை நேரம் இருக்கிறது. கோதுடைக்க 5 மணித்தியாலம், தெரிந்தெடுத்து வறுக்க 3 மணித்தியாலம், பையிலிட்டு ஒட்ட 3 மணித்தியாலம். மொத்தம் 11 மணித்தியாலம். 8 மணித்தியால நாட்கூலி 2,000 ரூபா என்றால், ஒரு மணித்தியாலம் 250 ரூபா. 11 மணித்தியாலத்துக்கு 2,750 ரூபா.

கச்சான் 4,000, பைகள் 600, உப்பும் விறகும் 200, போக்குவரத்து 300, உழைப்பு 2,750. மொத்தம் 7,850 ரூபா. அதை 60ஆல் வகுத்தால் ஒரு பைக்கற்றின் அடக்கவிலை ஏறத்தாழ 131 ரூபா. நாங்களோ 100 ரூபாவுக்கு விற்றோம். 1,850 ரூபா நட்டம்.

அந்த நட்டத்தை யார் தாங்கினார்? கடைக்காரர் அல்ல, வாடிக்கையாளரும் அல்ல. 6,000 ரூபாவிலிருந்து கச்சானின் 4,000 ரூபாவையும் மற்றச் செலவு 1,100 ரூபாவையும் கழித்தால் மிஞ்சுவது 900 ரூபா. அதுதான் 11 மணித்தியால உழைப்புக்குக் கிடைத்த கூலி. மணித்தியாலத்துக்கு 82 ரூபா. வெளியில் கூலிக்குப் போகும் ஒருவர் பெறுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு உம்மா வேலை செய்திருக்கிறார். இரவு பிந்தும்வரை கோதுடைத்தது ஒருவரின் கண்ணிலும் படாததால் அது நட்டமாகத் தெரியவில்லை. ஓரிரு வருடத்தில் உம்மா களைத்துப்போவார். தொழில் நிற்கும். குரங்கின் மேல் பழி விழும்.

இந்தக் கணக்கைப் போட்டபின் செய்யக்கூடியவை பல. நேரே வாடிக்கையாளருக்கு 140 ரூபாவுக்கு விற்றால் வரவு 8,400. உழைப்புக்கு முழுக் கூலியும் கிடைத்து 550 ரூபா மிஞ்சும். அல்லது கோதுடைக்கும் கையியந்திரம் ஒன்றை நாலைந்து வீடுகள் சேர்ந்து வாங்கினால், 11 மணித்தியாலம் 7 ஆகக் குறையலாம். அப்போது அடக்கவிலை ஏறத்தாழ 114 ரூபா. கடைக்காரர் 150 ரூபாவுக்கு விற்று எங்களுக்கு 120 ரூபா தந்தாலும் தாங்கும். அல்லது, வாசலில் 4,000 ரூபாவுக்கே கொடுத்துவிட்டு அந்த 11 மணித்தியாலத்தை வேறு பயனுள்ள வேலைக்குச் செலவிடுவது மேல் என்றும் தெரியவரலாம். விற்காமல் திரும்பிவரும் பைக்கற்றுகளையும் கணக்கில் சேர்க்க மறக்கக்கூடாது. அறுபதில் ஐந்து திரும்பினால் அடக்கவிலையை 55ஆல்தான் வகுக்க வேண்டும்.

உழைப்பைக் கணக்கில் எடுத்த மார்க்கம்

வீட்டு உழைப்புக்குப் பெறுமதி போடுவது பணத்தாசை என்று சிலர் நினைக்கலாம். விளைச்சலுக்கான ஸகாத் சட்டத்தை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். மழையாலும் ஊற்றாலும் தானாக விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. நீர் இறைத்து, பாடுபட்டு விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. ஒரே தானியம், ஒரே நிறை. ஆனால் நீர் இறைத்தவரின் பாட்டுக்காகக் கடமை பாதியாகக் குறைகிறது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே மனித உழைப்பு கணக்கில் ஏறியிருக்கிறது. நாம்தான் அதைக் கொப்பியில் ஏற்றாமல் இருக்கிறோம்.

இச்சட்டத்தில் அளவெல்லையும் உண்டு. அது ஐந்து வஸக், இக்கால நிறையில் ஏறத்தாழ 650 கிலோ என்று கணிப்பர். காய்கறிக்கு ஸகாத் உண்டா, உமியோடு உள்ள நெல்லை எப்படிக் கணிப்பது என்பவற்றில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால், உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கும் எவ்வளவு விளைந்தது என்று எழுதிவைத்த கொப்பி வேண்டும்.

தவணை ஏழாம் நாள், கச்சான் நூறாம் நாள்

தொழில் என்றதும் பலர் முதலில் தேடுவது கடன். யுத்தம் முடிந்த பின் வன்னிக் கிராமங்களுக்குள் நுண்நிதி நிறுவனங்கள் பல வந்தன. பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்க, வாரத் தவணைக்குப் பணம் கொடுத்தன. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று சிக்கிய குடும்பங்களை நாங்கள் எல்லோரும் அறிவோம். நிலைமை முற்றி, 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனை மூன்று மாதங்களுக்கு மேல் கட்ட முடியாதிருந்த பெண்களின் கடனை நீக்கும் திட்டத்தை அரசாங்கம் அறிவிக்க வேண்டியிருந்தது.

வட்டி எங்களுக்கு ஹராம் என்பதே ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குப் போதுமான காரணம். கணக்கும் அதையே சொல்கிறது. 50,000 ரூபா எடுத்து, வாரம் 1,200 ரூபா வீதம் 52 வாரம் கட்டினால் 62,400 ரூபா. மேலதிகம் 12,400. பார்வைக்கு வருட வட்டி 25 சதவீதம் போலிருக்கும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வருடம் முழுவதையும் எடுத்துப் பார்த்தால், எங்கள் கையில் சராசரியாக இருந்தது 50,000இன் பாதியளவுதான். ஆகவே உண்மையான வட்டி வீதம் ஏறத்தாழ இருமடங்கு. அதைவிடப் பெரிய சிக்கல் காலம். கச்சான் நட்டுப் பிடுங்க மூன்று, மூன்றரை மாதம் ஆகும். முதலாவது தவணையோ ஏழாம் நாள் வாசலில் நிற்கும். விதை முளைக்க முன்னரே, தோட்டம் தராத பணத்தைத் தேடி அலைய வேண்டும்.

அதனால் சிறிதாகவே தொடங்குங்கள். முதற்போகத்தில் எடுத்த விதையே அடுத்த போகத்தின் முதல். இருபது பைக்கற் விற்ற பணத்தில் நாற்பது பைக்கற்றுக்குப் பை வாங்கலாம். பெரிய பொருள் ஏதும் வேண்டுமானால் உறவினர், அயலவரோடு பங்காகச் சேருங்கள். இலாபத்தையும் நட்டத்தையும் எப்படிப் பிரிப்பது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி, சாட்சியோடு ஒப்பமிடுங்கள்.

கூட்டாகச் செய்து வளர்ந்ததற்கு இந்தியாவின் லிஜ்ஜத் அப்பளம் சிறந்த உதாரணம். 1959 மார்ச் மாதத்தில் மும்பாயில் ஏழு பெண்கள், கடனாகப் பெற்ற 80 ரூபாவோடு, தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மேல்மாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். முதல் நாள் உற்பத்தி நான்கு பைக்கற்றுகள். இன்று பல்லாயிரம் பெண்கள் அதில் உறுப்பினர். மாவைத் தமது வீட்டுக்குக் கொண்டுபோய் இடுகிறவருக்கும், இட்ட அப்பளத்தின் நிறைக்கு ஏற்பக் கூலி உண்டு. அதற்கு மேலேதான் இலாபப் பங்கு. வீட்டுக்குள்ளே செய்த வேலைதானே என்று அந்தப் பெண்கள் ஒருவரின் கூலியையும் விட்டுவிடவில்லை. அந்த அப்பளத்துக்கும் மூலப்பொருள் உழுந்துதான். வவுனியாவின் மேட்டுநிலங்களில் மாரிக்கு விளையும் அதே உழுந்து.

ஈரம் உள்ளே இருந்தால்

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், மழையில் நனைந்தது என்று சொன்ன வியாபாரியிடம் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டதையும் நீங்கள் இஸ்லாம் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை விஞ்ஞான பாடத்தோடும் சேர்த்துப் படிக்கலாம். கச்சானும் மிளகாயும் சரியாகக் காயாமல் கட்டப்பட்டால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைப் பாதிக்கும், புற்றுநோயை உண்டாக்க வல்லது. வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. ஆகவே நிலத்தில் நேரே பரப்பாமல், பாயிலோ உயர்த்திய பரணிலோ காயவைக்க வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் பருப்பு கோதுக்குள் கலகலக்க வேண்டும். சுருங்கியதையும் நிறம் மாறியதையும் தயங்காமல் எறிய வேண்டும். எறிவது நட்டம் என்று தோன்றினால், அந்த நட்டத்தையும் அடக்கவிலையில் சேருங்கள். பைக்குள் சேர்க்காதீர்கள்.

பொதி செய்து விற்கும் உணவுக்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் பொருந்தும். பொருளின் பெயர், நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரித்தவரின் பெயர், முகவரி ஆகியவை சுட்டுத்துண்டில் இருக்க வேண்டும். தொடங்குமுன் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போய்க் கேளுங்கள். பிடிபட்ட பிறகு சந்திப்பதைவிட, ஆலோசனைக்காக முன்னரே சந்திப்பது நல்லது. வியாபாரப் பெயரைப் பதிவதற்குப் பிரதேச செயலகத்துக்கும், வியாபார அனுமதிப்பத்திரம் தேவையா என்று அறியப் பிரதேச சபைக்கும் போக வேண்டும். பயிர் பற்றிய சந்தேகங்களுக்கு விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். அவரிடம் கேட்கக் கட்டணம் இல்லை.

எங்கே விற்பது?

முதல் வாடிக்கையாளர் அயலவர். இரண்டாவது, உறவினரும் பாடசாலை ஆசிரியரும். இவர்களிடம் ஒரு மாதம் விற்றுப் பார்த்து, திரும்பவும் கேட்டு வருகிறார்களா என்று பாருங்கள். திரும்பி வருகிறவரே உண்மையான வாடிக்கையாளர். அதற்குப் பிறகு கடை, வாரச் சந்தை, ஏ9 வீதியோர விற்பனை என்று விரியலாம்.

எங்கள் மாவட்டங்களில் பெண்கள் தமது கைப்பட்ட உணவை நேரே விற்பதற்குக் கண்முன்னே உள்ள உதாரணம் அம்மாச்சி உணவகம். தெற்கில் ஹெல போஜுன் என்ற பெயரில் விவசாயத் திணைக்களம் தொடங்கிய முறையையொட்டி, வடக்கு மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் இவை நடக்கின்றன. வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கவே பெண்கள் தோசையும் பிட்டும் வடையும் இலைக்கஞ்சியும் செய்து கொடுக்கிறார்கள். பெரும்பாலும் உள்ளூர்த் தானியம், உள்ளூர்க் காய்கறி. சமையலறை மறைவாக இல்லாததே அதற்கான பெரிய விளம்பரம். வீட்டில் தொழில் செய்கிறவர்களும் இதைப் பின்பற்றலாம். யாராவது வந்து, எங்கே காயவைக்கிறீர்கள், எங்கே அரைக்கிறீர்கள் என்று கேட்டால், கூட்டிக்கொண்டுபோய்க் காட்டக்கூடியதாக அந்த இடம் இருக்க வேண்டும்.

காணி யார் பெயரில்?

பெற்றோருக்கு ஒரு விடயம். வன்னிக் காணிகளில் ஒரு பெரும்பகுதி அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தோடு கொடுக்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் பிற இடங்களிலும் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும், இறுதி யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டு ஓடிய தமிழ்க் குடும்பங்களும், காடாகிப்போன காணியை வெட்டித் துப்புரவாக்கியதை நாம் கண்டோம். பத்திரம் தொலைந்தவர்கள் பட்ட பாட்டையும் கண்டோம். உரிமையைக் காட்ட ஒரு தாளும் இல்லாத நிலத்தில் பணத்தைப் போட்டு வேலி அடைப்பதும் கிணறு வெட்டுவதும் ஆபத்து. தொழில் தொடங்குமுன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் பின்னுரித்தாளர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் குறிக்காமல் உரிமையாளர் மௌத்தானால், ஆண் பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த பழைய ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றப்பட்டது. இப்போது அந்த வரிசையில் பெண் பிள்ளை பின்தள்ளப்படுவதில்லை. பின்னுரித்தாளரைப் பெயரிடும் விடயத்தைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டு முடித்துவிடுங்கள்.

மாணவிகள் செய்யக்கூடியது

மாணவிகளே, தோட்டம் கொத்த உங்களுக்கு நேரம் இராது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் படிக்கிற பிள்ளையைக் கச்சான் உடைக்க இருத்தினால், அந்தத் தொழிலுக்கு இன்னொரு பெரிய செலவு சேர்ந்துவிடும். அதை எந்த விலையாலும் ஈடு செய்ய முடியாது. பெற்றோரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆனால் உங்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உற்பத்திக் காரணிகள் நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சியாண்மை என்று வகுப்பில் மனனம் செய்கிறீர்கள். பரீட்சைக்கு ஐந்தொகை தயாரிக்கிறீர்கள். அதே அறிவோடு ஒரு நாற்பது பக்கக் கொப்பியை எடுத்து நாலு நிரல் கீறுங்கள். முதலாவது நிரல் திகதி. இரண்டாவது, வளவிலிருந்து எடுத்த பொருளும் அதன் வாசல் விலையும். மூன்றாவது, காசாகப் போன செலவு. நாலாவது, யார் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார் என்பது. இரவு சாப்பாட்டுக்குப் பின் கேட்டு எழுத ஐந்து நிமிடம் போதும்.

நாலாவது நிரலை எழுதும்போது "இதெல்லாம் எதற்கு மகள்?" என்று உம்மா சொல்லக்கூடும். எழுதுங்கள். மாத முடிவில் கூட்டி வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அடுத்த மாதம் என்ன விலைக்கு விற்பது, எதை விடுவது, எந்த வேலையை வீட்டு ஆண்களும் பகிர்ந்துகொள்வது என்பதை அந்தக் கூட்டுத்தொகையை வைத்து வீட்டார் எல்லோரும் இருந்து தீர்மானிக்கலாம்.